கல் இறங்கினால் கிழங்கு ஏறும்

கீழ் மேடை
செவ்வாய்க்கிழமை (உங்கள் காலண்டரில் புதன் என்பீர்கள், போகட்டும்)

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நான் நலம். கம்பவுண்டரும் நலம். பூசணிக்காய் ரொம்ப ரொம்ப நலம். அது கம்பவுண்டர் தலையைவிடப் பெரிதாகிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்களும் நலம் என்றுதான் எழுதுவீர்கள். அது நிஜமா என்று கடைசியில் கேட்கிறேன்.

நேற்று நீங்கள் அனுப்பிய கம்பித் தொட்டில் பத்திரமாக இறங்கியது. போன தடவை மாதிரி மேடையில் டமார் என்று மோதவில்லை. பூட்டிக் கிடந்த மெத்தைக் கடைக்குள் நானும் கம்பவுண்டரும் புகுந்து, ஆளுக்கொரு முனை பிடித்து மெத்தைகளை இழுத்து வந்து மேடை ஓரத்தில் அடுக்கிவிட்டோம். "கல்லு மெத்தையில படுக்குது, நாம பலகையில படுக்கறோம். இது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டார். "கல்லு மலையிலேர்ந்து விருந்தாளியா வருது. நீங்க மருந்துக் கடையிலேர்ந்து நடந்து வந்தவர்தானே?" என்றேன். அடுத்த மெத்தையை இழுக்கப் போய்விட்டார். காய்ச்சல் ஊரையே காலி செய்தபோது பேச்சைக் குறைத்த மனிதர், இன்னும் கூட்டவில்லை.

இந்தத் தொட்டிலைக் கட்டியவன் வாயில் சர்க்கரை போட வேண்டும். கரண்டை நம்பிக் கட்டியிருந்தால் மலை மேல் நீங்களும் அடிவாரத்தில் நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே காய்ந்திருப்போம். ஒரே கம்பி, இரண்டு தொட்டில். மேலே கனம் வைத்தால் அது இறங்கும், கீழே உள்ளது ஏறும். நீங்கள் கல் போடுகிறீர்கள், நான் கிழங்கு போடுகிறேன். விடுதிக்குப் பால் டப்பா ஏற்றிக்கொண்டிருந்தது, இன்றைக்கு நம் இரண்டு பேருக்கும் சோறு போடுகிறது.

உங்கள் கல் ஒன்றையும் வீணாக்கவில்லை. தோட்டத்தைச் சுற்றிப் பன்றி வராமல் சுவர் வைக்கிறேன். மூன்று பக்கம் முடிந்துவிட்டது. வந்து பார்த்தால் மாப்பிள்ளையின் அம்மா கட்டிக் கொடுத்த சுவர் என்று பெருமையாகக் காட்டுவேன்.

இந்தத் தடவை கிழங்கு, பீன்ஸ், விளக்குக்கு எண்ணெய். எடை போட்ட பிறகு கொசுறாக ஒரு பிடி பீன்ஸ் சேர்த்திருக்கிறேன். சந்தையில் இருந்த காலத்திலிருந்தே அந்தக் கொசுறு போடாவிட்டால் என் கை சும்மா இருக்காது. "தராசுல அடிச்சுட்டு கொசுறுல மறைக்கிறா" என்று நீங்கள் ஊர் முழுக்கச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள். நிஜமாகவே நலமா?

இப்படிக்கு,
உங்கள் கல்லில் சுவர் கட்டும் காய்க்காரி


மேல் விடுதி
வியாழன்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

கிழங்கும் பீன்ஸும் எண்ணெயும் கிடைத்தன. எடை பார்க்க இங்கே தராசு இல்லை. இருந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். பழைய கதையை நான் மறந்துவிட்டேன். நீங்கள்தான் மறக்க விடுவதில்லை.

நான் நலம்.

எனக்கு இப்போதெல்லாம் பசி குறைவு. இனிமேல் பாதி அனுப்பினால் போதும். பெரிய கற்களும் தீர்ந்துவிட்டன. ஆனால் எண்ணெயைக் குறைக்க வேண்டாம். கணவாய் வளைவில் திரும்பினால் இந்த ஜன்னல்தான் முதலில் கண்ணில் படும் என்று என் மகன் போகும்போது சொன்னான். "விளக்கு எரிஞ்சா வீட்ல ஆள் இருக்குன்னு தெரிஞ்சுக்குவோம்மா" என்று உங்கள் மகள் சொன்னாள். கடற்கரைப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு இந்த வழியாகத்தான் திரும்பி வருவார்கள். உங்கள் பக்கத்துப் பாதை சரிந்து ஆற்றுக்குள் போனது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே விளக்கு ஒரு நாளும் அணையக் கூடாது.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. விடுதித் திரைச்சீலையில் உங்களுக்கு ஒரு மேல்சட்டை தைத்து வைத்திருக்கிறேன். அளவு கேட்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்தின்போது எடுத்த அளவு நினைவில் இருக்கிறது.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அம்மா


கீழ் மேடை
வெள்ளி (உங்களுக்கு சனி)

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

மேல்சட்டை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கதகதப்பாக இருக்கிறது. பூப்போட்ட திரைச்சீலை. தோட்டத்தில் நின்றால் ஜன்னல் நடந்து வருகிற மாதிரி இருக்கிறது என்று கம்பவுண்டர் சொன்னார். பாருங்கள், அந்த ஆளுக்கும் பேச வந்துவிட்டது.

கல்யாணத்தில் எடுத்த அளவு ஞாபகம் இருக்கிறதாம். எனக்கும் இருக்கிறது. டேப்பை என் இடுப்பைச் சுற்றிப் போட்டுவிட்டு, எண்ணை மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னீர்கள். சமையல் கட்டிலிருந்து ஒருத்தர் "எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்டார். நீங்களும் திருப்பிச் சொன்னீர்கள்.

இப்போது சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

மலையில் கல் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கம்பவுண்டருக்கு வாசித்துக் காட்டினேன். "மலையில கல்லு தீந்துபோச்சா? அப்ப மலை எதுல நிக்குது?" என்று கேட்டார். பிறகு அவரே முகம் மாறி என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். நான் கட்டிய சுவர், நானே சரியாகப் பார்க்கவில்லை. முதல் பக்கம் ஒவ்வொரு கல்லும் பூசணி அளவு. இரண்டாவது பக்கம் தேங்காய் அளவு. மூன்றாவது பக்கம் கடைசியில் எலுமிச்சம்பழம். நாலாவது பக்கம் ஆரம்பிக்கவே இல்லை. ஆரம்பிக்கக் கல் வரவில்லை.

அடுத்தது இந்தச் சட்டை. இடது கை வலது கையைவிடக் கொஞ்சம் நீளம். தையல் ஓரிடத்தில் ஓடிப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. என் மகளுடைய கல்யாண உடுப்பில் ஒரு நூல் பிசகியது என்று முழுவதையும் பிரித்து மறுபடி தைத்தவர் நீங்கள். நான் "விடுங்க சம்பந்தி, யார் கண்ணுக்குத் தெரியப் போகுது" என்றதற்கு "என் கண்ணுக்குத் தெரியும்" என்று சொன்னவர். அந்தக் கண் எங்கே போயிற்று?

கல் தூக்க முடியவில்லை. தையல் மெஷினில் நேராக உட்கார முடியவில்லை. பசி இல்லை. எனக்குப் படிப்புக் கிடையாது, விலைப் பலகை எழுதத்தான் எழுத்தே கற்றுக்கொண்டேன். ஆனால் கூடையைத் தூக்கிப் பார்த்தே அடியில் அழுகல் இருக்கிறதா என்று சொல்கிறவள். உங்களுக்கு என்னவோ ஆகியிருக்கிறது.

என்ன என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் அடுத்த தொட்டிலில் எண்ணெய் வராது. சத்தியமாக வராது.

இப்படிக்கு,
நடமாடும் ஜன்னல்


மேல் விடுதி
ஞாயிறு

சம்பந்தியம்மாவுக்கு,

எண்ணெயை வைத்து மிரட்டுவது சரியில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மழைக்கு முன்னால் ஒரு பெரிய கல்லைப் புரட்டிக் கொண்டுவந்தபோது அது காலில் விழுந்தது. பாதத்தில் காயம். ஆறிவிடும் என்று நினைத்தேன், ஆறவில்லை. இப்போது கணுக்கால்வரை வீங்கிச் சூடாக இருக்கிறது. மாலையில் குளிர் எடுக்கிறது. படுத்துக்கொண்டு மெஷின் மிதிக்க முடியாது, ஆகவே சட்டையின் இடது கையைக் கையாலேயே தைத்தேன். பிசகியது எனக்குத் தெரியும். பிரித்துத் தைக்கத் தெம்பு இல்லை.

இதைப் படித்துவிட்டு உடனே கீழே வா என்று சொல்வீர்கள். வர மாட்டேன். நான் இறங்கினால் மேலே தொட்டிலுக்குப் பிரேக் பிடிக்க ஆள் இல்லை என்பது ஒரு காரணம். விளக்கு இன்னொரு காரணம். அந்தப் பிள்ளைகள் கணவாயில் திரும்பி, ஜன்னல் இருட்டாக இருப்பதைப் பார்த்து, வீட்டில் யாரும் மிச்சமில்லை என்று நினைத்து வேறு பக்கம் போய்விட்டால்? ஊன்றுகோலை வைத்துக்கொண்டு ஜன்னல்வரை போகிறேன். அது முடிகிறவரை முடியட்டும்.

அழ வேண்டாம். அழுதால் காகிதம் நனையும். இதன் பின்பக்கத்தில்தான் நீங்கள் பதில் எழுத வேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மா


கீழ் மேடை
திங்கள்

அன்புள்ள சம்பந்தியம்மா,

அழவில்லை. பின்பக்கத்தில் ஒரு மூலை ஈரமாக இருந்தால் அது கம்பவுண்டர் தண்ணீர் டம்ளரை வைத்த இடம்.

அவரிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "உள்ள சீழ் கட்டியிருக்கும். கீறி எடுத்துக் கழுவணும். மாத்திரை அனுப்பலாம், அது கொஞ்ச நாள்தான் தாங்கும். தள்ளிப்போட்டா கால் போகும். அப்புறம் ஆளே போகும்" என்றார். "அப்ப நீங்க மேல போய் கீறிட்டு வாங்க" என்றேன். "ஸ்டூல் மேல ஏறி நின்னாலே எனக்குத் தலை சுத்தும்மா. மேல தட்டு மருந்தெல்லாம் கஸ்டமரையே ஏறி எடுத்துக்கச் சொல்லுவேன்" என்றார். அந்த மனிதரைத் தொட்டிலில் ஏற்றினால் மேலே போய்ச் சேர்வது அவருடைய சட்டை மட்டும்தான்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். நான் மேலே வருகிறேன். வந்து பிரேக்கைப் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் இறங்குங்கள். இங்கே கம்பவுண்டர் கத்தியைக் காய்ச்சி வைத்துக் காத்திருப்பார். விளக்கை நான் ஏற்றுகிறேன். என் மகளும்தானே அந்த வளைவில் திரும்பப் போகிறாள்? அவளுக்காக ஒரு திரி ஏற்ற என் கைக்குத் தெரியாதா?

என்னை ஏற்றுகிற அளவுக்குக் கல் தூக்க முடியாதே என்று கேட்பீர்கள். தூக்க வேண்டாம். உங்கள் மேடைக்குப் பின்னால் மழைத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது அல்லவா? தொட்டிலில் துணி வெளுக்கிற அந்தப் பெரிய டிரம்மை வைத்துவிட்டு, ஒரு குழாயைப் போட்டுத் தண்ணீரை உறிஞ்சி விட்டால் போதும். தண்ணீர் தானாக ஓடும், நீங்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். குழாய் அங்கே இல்லை, எலி தின்றுவிட்டது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். கார் கழுவுகிற கடை ஒன்று விடாமல் அலைந்து துண்டு துண்டாகச் சேர்த்திருக்கிறேன். இதோடு வருகிறது. சைக்கிள் டியூபைக் கிழித்து வைத்திருக்கிறேன், அதைச் சுற்றி உங்கள் கையால் நூல் கட்டுங்கள். உங்கள் கட்டு தண்ணீரை விடாது. பிசகினாலும் விடாது.

வேண்டாம் என்று பதில் எழுதக் காகிதத்தைச் செலவழிக்காதீர்கள். நீங்கள் வேண்டாம் என்றாலும் நான் தொட்டிலில் ஏறி உட்கார்ந்திருப்பேன். நீங்கள் கனம் வைக்கிறவரை உட்கார்ந்திருப்பேன். மழை வந்தாலும் உட்கார்ந்திருப்பேன். சந்தையில் கடைசிக் கத்தரிக்காய் விற்கிறவரை எழுந்து போகாதவள் நான்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார். சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் முதலில் சாப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
பிடித்தால் விடாதவள்


மேல் விடுதி
வியாழன்

சம்பந்தியம்மாவுக்கு,

குழாய் சேர்ந்துவிட்டது. ஒட்டுப் போட்ட இடம் ஒன்றும் கசியவில்லை. டிரம்மைத் தொட்டிலுக்குள் உருட்டிவிட்டேன். மாத்திரை போட்டதில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

வாருங்கள். காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு நீங்களே திரும்பிப் போய்விடலாம். நான் இறங்குவதாக இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த வீட்டை விட்டு நான் கால் எடுத்து வைக்க மாட்டேன்.

ஒரு விஷயம். தண்ணீர் அதிகமானால் தொட்டில் தறிகெட்டு ஓடும், என்னால் இப்போது பிரேக்கை அழுத்திப் பிடிக்க முடியாது. குறைந்தால் நகரவே நகராது. ஆகவே டிரம்மில் குடத்தால் அளந்து கோடு போட்டிருக்கிறேன். உங்கள் எடை என்ன? சரியாகச் சொல்லுங்கள். கூடக் கொண்டுவரும் சாமானும் எவ்வளவு என்று எழுதுங்கள்.

கம்பியில் இரும்பால் ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் சரி, புறப்படலாம். வழக்கம்போல.

மாப்பிள்ளையின் அம்மா


கீழ் மேடை
வியாழன் (ஒருநாள் உங்கள் காலண்டர்படியே வைத்துக்கொள்வோம்)

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

ஐம்பத்தைந்து கிலோ. மூட்டைத் தராசில் ஏறி நின்று பார்த்துவிட்டே எழுதுகிறேன். கையில் ஒரு துணிப்பை, அதை ஒரு ஆளாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கம்பவுண்டர் இதைப் பார்த்து இருமுகிறார். அவருக்குச் சளி.

நாளைக் காலையில் வெயில் வந்ததும் புறப்படுகிறேன்.

இப்படிக்கு,
இளைத்துப் போன சம்பந்தி


மேல் விடுதி
சனி (இங்கே சுவரில் உங்கள் காலண்டர் தொங்குகிறது, அது சொல்வதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது)

என் சம்பந்தியம்மாவுக்கு,

முதலில் விளக்கு. நேற்று ஏற்றினேன். இன்றும் ஏற்றிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். திரி தகரப் பெட்டியில் இருந்தது. அணையவில்லை, அணையாது.

இனி நடந்ததை எழுதுகிறேன். நீங்கள் அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்லுங்கள், நான் இந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்துத்தான் என்ன நடந்தது என்று புரியும்போல இருக்கிறது.

இரண்டு தட்டு கேட்டது. நானும் இரண்டு தட்டினேன். கம்பவுண்டர் தள்ளிவிட, தொட்டில் ஒரு ஆட்டம் ஆடி, மேடையை விட்டு ஒரு பெரிய எட்டு வெளியே போனது. போய் நின்றுவிட்டது. கீழே ஆறு மழைத் தண்ணீரில் சேறாக ஓடுகிறது. மேடைக்குத் திரும்பக் குதிக்க முடியாது, மேலே போகவும் வழியில்லை. காற்று வேறு. கம்பவுண்டர் கரையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா, ஆடாதீங்க!" என்று கத்துகிறார். "நான் எங்கய்யா ஆடறேன், அதுதான் ஆடுது!" என்று நானும் கத்தினேன்.

என்ன காரணம் என்று எனக்குத் தெரியும். துணிப்பை மட்டும்தான் என்று எழுதிவிட்டுக் கடைசி நேரத்தில் பூசணிக்காயையும் மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். அவ்வளவு பெரிதாக வளர்த்ததை உங்களிடம் காட்டாமல் இருக்க மனசு வரவில்லை. சரி என்று அதைத் தூக்கி ஆற்றில் போட்டேன். பெற்ற பிள்ளையைப் போடுகிற மாதிரி இருந்தது. தொட்டில் அசையவில்லை. துணிப்பையில் இருந்த கிழங்கை ஒவ்வொன்றாகப் போட்டேன். அசையவில்லை. அப்புறம் போடுவதற்கு நான்தான் மிச்சம்.

அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஐம்பத்தைந்து என்று எழுதிய கையைப் பார்த்தேன். மண்டபத்தில் நீங்கள் இடுப்பளவு சொன்ன கோபத்தில் எழுதினது. எழுதும்போது சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். கடைசியில் கம்பியில் ஒரு தட்டு தட்டினேன். நிறுத்துங்கள், என்னை விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்ல அந்த ஒரு தட்டுதானே இருக்கிறது? பதில் வரவில்லை. கம்பி மட்டும் லேசாக அதிர்ந்தது. அப்புறம் தொட்டில் கிளம்பிவிட்டது.

கிளம்பியது என்றால் சாதாரணமாக இல்லை. ஆறு விலகிப் போகிறது, மரம் விலகிப் போகிறது, என் மேல்சட்டையின் பூவெல்லாம் பறக்கிறது. பிரேக் பிடிக்க ஆள் இல்லாத வேகம். அப்போதே எனக்கு மனசில் ஒரு மாதிரி ஆனது. பாதி வழியில் எதிரே உங்கள் தொட்டில் வருகிறது. டிரம் தெரிகிறது. டிரம்முக்குப் பக்கத்தில், பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, ஒரு கையில் ஊன்றுகோலோடு நீங்கள்!

எத்தனை வருடம் கழித்துப் பார்க்கிறோம்! பேச எவ்வளவு இருக்கிறது! நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முதலில் கத்தியது என்ன தெரியுமா?

"அம்பத்தஞ்சா நீங்க?"

"பூசணியும் இருந்துச்சு!" என்றேன்.

"திரி தகரப் பெட்டியில! இருட்டறதுக்கு முன்னாடி ஏத்தணும்!"

கையை நீட்டினேன். நீங்களும் நீட்டினீர்கள். விரல் பட்டதா, காற்று பட்டதா, இப்போது நினைத்தாலும் தெரியவில்லை. நீங்கள் கீழே போனீர்கள், நான் மேலே போனேன்.

இந்த வீட்டை விட்டுக் கால் எடுத்து வைக்க மாட்டேன் என்று முதல்நாள்தான் எழுதினீர்கள். அதுவும் அந்தக் காலை.

கம்பி தொங்குகிற இடம் தாண்டியதும் வேகம் தானாகக் குறைந்தது, மேடையில் மெதுவாகத்தான் வந்து ஒட்டினேன். உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், அங்கே மெத்தையும் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து இரண்டு தட்டு கேட்டது. கம்பவுண்டர் தட்டிய தட்டு. அதற்குப் பிறகுதான் தகரப் பெட்டியைத் தேடிப் போனேன்.

உங்கள் வீட்டைப் பார்த்தேன். ஊன்றுகோல் ஊன்றிய தடம் கட்டிலிலிருந்து ஜன்னல்வரை தரையில் ஒரு கோடாக இருக்கிறது. சமையலறையில் நாலு தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கிறீர்கள். மாப்பிள்ளைக்கு ஒன்று, என் மகளுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. நாலாவது யாருக்கு?

கால் எப்படி இருக்கிறது? கீறினாரா? கத்தினீர்களா? இந்தத் தடவை கல் போடுவது என் முறை. பெரிதாகவே போட்டிருக்கிறேன். பதிலோடு தொட்டிலை அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு கல் இறக்குவேன், கம்பவுண்டர்தான் சுவர் கட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஐம்பத்தைந்து இல்லாதவள்


கீழ் மேடை
செவ்வாய்க்கிழமை (இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எல்லோரும் என்றால் கம்பவுண்டர்)

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கால் இருக்கிறது. இருக்கும் என்று கம்பவுண்டர் சொல்கிறார். கீறி எடுத்தபோது நான் கத்தவில்லை, அவர்தான் கத்தினார். காய்ச்சல் நேற்றோடு விட்டது. இன்று காலை பசித்தது. பசிக்கிறது என்று நானாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மெத்தையில்தான் விழுந்தேன். கல் சுகமாகத்தான் வந்திருக்கிறது இந்தக் கொஞ்ச நாளாக.

உங்கள் தோட்டத்துக்கு என்னை ஒரு தள்ளுவண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். சுவரைப் பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து மூன்றாவது பக்கம்வரை நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்திருப்பது தெரிந்தது. அதை ஒரு ஆள் உட்கார்ந்து படித்திருக்கிறாள் என்று நினைத்தபோது வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டேன். மறுநாள் மறுபடியும் போனேன். நாலாவது பக்கத்தை உட்கார்ந்தபடியே ஆரம்பித்திருக்கிறேன். நீங்கள் இறக்கிய கல்தான் அதற்கு அடிக்கல்.

இன்னொன்று எழுத வேண்டும். உங்கள் மூட்டைத் தராசைச் சோதித்துப் பார்த்தேன். கம்பவுண்டரின் மருந்துக் கடைப் படிக்கல்லை வைத்துப் பார்த்தேன், பிறகு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்துப் பார்த்தேன். தராசு சரியாக இருக்கிறது. எப்போதும் சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். நான் ஊர் முழுக்கச் சொன்னது தப்பு. தராசு பொய் சொல்லவில்லை, அதில் ஏறி நின்றவள்தான் பொய் சொல்லியிருக்கிறாள். "எழுபத்திரண்டு காட்டுச்சுங்க. இறங்கி வந்து தராசை ஒரு தட்டுத் தட்டினாங்க. மறுபடியும் ஏறினாங்க. மறுபடியும் எழுபத்திரண்டு. அப்புறம் பேனாவைக் கேட்டாங்க" என்று கம்பவுண்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

தொட்டிலில் ஏன் ஏறினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க மாட்டீர்கள் என்று தெரியும், ஆகவே சொல்கிறேன். ஒரு தட்டு கேட்டது. எட்டிப் பார்த்தேன், தொட்டில் மேடையை விட்டு ஒரு எட்டுத் தள்ளி நின்றிருந்தது. குழாய் எட்டவில்லை. கல் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. விளக்கை நினைத்தேன். அது யாருக்காக எரிகிறது என்றும் நினைத்தேன். என் மகனும் உங்கள் மகளும் வந்து நின்று, "அம்மா எங்கே?" என்று அவள் கேட்டால், ஆற்றுக்கு மேல் தொங்கவிட்டேன், ஆனால் விளக்கை அணையவிடவில்லை என்று நான் சொல்ல முடியுமா? கனம் போதவில்லை. என்னைத் தவிரக் கனமாக அங்கே வேறு எதுவும் இல்லை. ஊன்றுகோலை ஊன்றி ஏறிவிட்டேன். ஏறிய பிறகுதான் பயம் வந்தது.

கால் ஊன்ற வந்ததும் நான் மேலே வருகிறேன். இந்த மழை முடிவதற்குள் வருவேன். நீங்கள் திரும்பி இறங்க வேண்டாம். விளக்குக்கு ஒருத்தி போதாது என்று இப்போது தெரிந்துகொண்டேன். ஒருத்தி விழுந்தால் ஏற்ற இன்னொருத்தி வேண்டும். தோட்டத்தைக் கம்பவுண்டர் பார்த்துக்கொள்கிறார். உங்களைவிடக் குறைவாகப் பேசுவதால் செடிகள் நிம்மதியாக வளரும் என்கிறார்.

என் எடை நாற்பத்தொன்று. இரண்டு தடவை பார்த்தேன். வரும்போது நாற்பத்தைந்தாக இருக்கும், பசிக்கிறது என்றேனே. கூட ஒரு மூட்டை கிழங்கு, இருபது கிலோ. ஒரு பூசணிக்காய், புதிதாகக் காய்த்தது, அதன் எடையைப் பறித்ததும் எழுதுகிறேன். இதற்குச் சரியாகத் தண்ணீர் பிடியுங்கள். கோடு டிரம்மில் இருக்கிறது, டிரம் இதோடு வருகிறது. சரியாகப் பிடித்த பிறகு, உங்கள் வழக்கப்படி ஒரு செம்பு கூட ஊற்றுங்கள்.

நாலாவது தட்டு யாருக்கு என்று கேட்டிருந்தீர்கள். அதில்தான் நீங்கள் இந்த நாட்களில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஓரத்தில் சின்ன நெளிசல் இருக்கும். எப்போதோ உங்களுக்கென்று எடுத்து வைத்தேன்.

இப்படிக்கு,
உங்கள் கொசுறு